புல்மோட்டை மணலும் குளோரின் செய்யும் வேலையும்

"புல்மோட்டை மணலில் டைட்டேனியம் இருக்கிறதாம். இரும்பை எடுப்பதுபோலக் கரியோடு போட்டு உருக்கி அதையும் எடுக்க ஏலாதா?" என்று நிலாவெளியில் இருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில், ஏலாது.

இலங்கையின் வடகிழக்குக் கரையில் உள்ள புல்மோட்டையின் அந்தக் கறுப்பு மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். அதில் மிகுதியாக இருப்பது இல்மனைட். சாதாரண வெண்மணலைப்போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி. அலை இலேசான மணலை இழுத்துக்கொண்டு போக, இது கரையிலேயே தங்கிவிடுகிறது. ஓர் இரும்பு, ஒரு டைட்டேனியம், மூன்று ஒட்சிசன்: அவ்வளவுதான் இல்மனைட். இரும்போடு இருக்கும் ஒட்சிசனைக் கரியில் உள்ள காபன் சுலபமாகப் பறித்துவிடும். டைட்டேனியம் தன் ஒட்சிசனை விடாது. 1,700 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் காபனின் கை ஓங்கும் என்கிறது வெப்ப இயக்கவியல் கணக்கு. அதற்குள், 1,300 பாகையை ஒட்டியே, காபன் டைட்டேனியத்தோடு சேர்ந்து காபைட்டாகிவிடுகிறது. வெட்டும் கருவிகளுக்கு உதவும் கடினமான பொருள்தான், ஆனால் நாம் கேட்டது அதுவல்ல.

சரி, குளோரினைக் கேட்டுப் பார்க்கலாம். இரும்பை நீக்கியபின் மிஞ்சும் டைட்டேனியம் ஈரொட்சைட்டின் மேல் குளோரினைச் செலுத்தினால், ஒட்சிசனைத் தள்ளிவிட்டு டைட்டேனியத்தைப் பிடிக்குமா? ஒரு தாக்கம் தானாக நடக்குமா என்று சொல்வது கிப்ஸ் சக்தி மாற்றம்; அது மறையானால் நடக்கலாம், நேரானால் நடக்காது. 900 பாகையளவில் அது மூலுக்குச் சுமார் 110 கிலோயூல், அதுவும் நேர்ப் பக்கம். நடக்காது. இப்போது காபன் நிறைந்த கற்கரியையும் கொஞ்சம் கூடப் போடுங்கள். காபனும் ஒட்சிசனும் சேரும்போது வெளியாவது 395 கிலோயூலுக்குக் கிட்ட. குளோரின் பட்ட கடனை அடைத்துவிட்டு, கையில் 285 மிச்சமும் வைத்திருக்கிறது காபன்! தனித்தனியே தோற்ற இரண்டு பேர், ஒரே நேரத்தில் ஒரே மணலைப் பிடித்தால் வென்றுவிடுகிறார்கள். ஒருவர் டைட்டேனியத்தைக் கொண்டுபோகிறார், மற்றவர் ஒட்சிசனைக் கொண்டுபோகிறார். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த கூட்டு இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. கணக்குப்படி இந்தக் கூட்டுத் தாக்கம் அறை வெப்பநிலையிலேயே மறைப் பக்கம்தான். ஆனால் மூன்றையும் ஒரு போத்தலில் அடைத்து வைத்தால் ஒன்றும் நடக்காது. கிப்ஸ் சக்தி 'போகலாம்' என்று மட்டும்தான் சொல்லும், எப்போது போகும் என்று சொல்லாது. அதைச் சொல்வது, தாக்கம் தொடங்க முதலில் கடக்கவேண்டிய தடையான ஏவற்சக்தி. அதனால்தான் 900 முதல் 1,000 பாகை வரை சூடாக்கி, வாயு ஓட்டத்தில் மணலும் கற்கரியும் கொதிநீர்போலத் துள்ளும்படி செய்கிறார்கள். வெளிவரும் டைட்டேனியம் நாற்குளோரைட்டு 136 பாகையில் கொதிக்கும் திரவம். ஆகவே ஆவியாக்கி வடித்துச் சுத்தமாக்கலாம். இந்த முழுச் சுற்றுவழிக்கும் காரணம் அதுதான். மணலை யாரும் வடிக்க முடியாதே!

அப்புறம் ஆகன் வாயுவுக்குள் உருகிய மக்னீசியத்தால் குளோரினைப் பறித்தால் உலோகம் கிடைக்கும். லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் இந்த முறைக்கு 1940இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மக்னீசியமும் மின்சாரமும் தின்னும் விலை உயர்ந்த வேலை.

மணலை வைத்தே நாடு பணக்கார நாடாகிவிடும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. மணலைப் பிரித்து மணலாகவே கப்பலேற்றுகிறோம். உலோகம் வரை போவது பிறகு இருக்கட்டும், இரும்பை மட்டும் நீக்கி விற்கவாவது பழகலாம். அதற்கு முதலில் வேண்டியது பல்கலைக்கழகங்களில் நல்ல உலைகளும், அவற்றோடு சில வருடம் மல்லுக்கட்ட ஆட்களுக்குச் சம்பளமும். அடிக்கல் நாட்ட இருக்கும் காசு இதற்கு மட்டும் இருப்பதில்லை.

உலோகமாவது கொஞ்சம்தான். டைட்டேனியத்தில் பெரும்பங்கு பெயின்ட், பற்பசைக்கான வெள்ளைப் பொடியாகத்தான் போகிறது. குளோரின் வழியில் அதைச் செய்யும் ஆலைகள், வடித்த நாற்குளோரைட்டைச் சுத்த ஒட்சிசனில் எரிக்கின்றன. நாம் முதலில் முயன்று தோற்ற அதே தாக்கம்தான், மறுதிசையில். இந்தத் திசையில் கிப்ஸ் சக்தி நமக்குச் சாதகம். வெள்ளைப் பொடி கீழே விழ, வெளியேறும் குளோரினைத் திரும்பவும் அடுத்த மணலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.