எலும்புக்கு ஒரு சதவீதம், பிழைப்புக்கு ஒரு சதவீதம்

விபத்து வழக்கு நடக்கிற வீட்டில் விசாரிக்கப் போனால், மண்டபமானாலும் தொண்டியானாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்: "ஊனம் எத்தனை பெர்சன்ட் போட்டிருக்காங்க?"

விசைப்படகில் கடலுக்குப் போகும் 30 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கை முன்போல மடங்கவில்லை. ஊனத்தின் அளவில் சந்தேகம் இருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம். அங்கே மருந்துச் சீட்டு எதுவும் தரமாட்டார்கள். பார்ப்பவர் வைத்தியம் செய்த டாக்டரும் இல்லை. இதற்கு மேல் தேறாது என்ற நிலைக்குக் காயம் வந்தபின் மிச்சமிருக்கும் குறையை அளப்பதுதான் வேலை.

முதலில் கோனியோமீட்டர். இரண்டு கைகள் கொண்ட கோணமானி. மணிக்கட்டை அவரே எவ்வளவு மடக்குகிறார், டாக்டர் பிடித்து மடக்கினால் எவ்வளவு போகிறது என்று இரண்டையும் பார்த்து, இடது கையோடு ஒப்பிடுவார்கள். முன்கையின் சுற்றளவை டேப்பால் அளப்பார்கள். பயன்படாத தசை மெலியும். கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கையும் பேசும். மாதக்கணக்கில் வேலை செய்யாத கையில் காய்ப்பு மெதுவாகக் கரைந்துவிடும்.

அப்புறம் பிடிவலு. டைனமோமீட்டரின் கைப்பிடியை 5 அகலங்களில் வைத்து அழுத்தச் சொல்வார்கள். தசை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியான அளவில் படிந்திருக்கும்போதுதான் முழு பலம் வரும். மிகவும் நீண்டாலும் சுருங்கினாலும் குறையும். அதனால் முழு மூச்சாக அழுத்துபவரின் அளவுகள் நடுவில் உயர்ந்து இருபுறமும் இறங்கும். பாதி மனதோடு அழுத்தினால் கோடு பெரும்பாலும் தட்டையாக வரும். ஆனால் நிஜமாகவே மோசமாக அடிபட்ட கைக்கும் கோடு தட்டையாகலாம். இந்த ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை நடிக்கிறார் என்பது அநியாயம்.

சரி, குழு 30 சதவீதம் போட்டுவிட்டது. இழப்பீடும் 30 சதவீதமா? இல்லை. 2010-ல் ராஜ்குமார் என்பவரின் விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கை போனால் உடல் ஊனம் சுமார் 60 சதவீதம். ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமான இழப்பு கிட்டத்தட்ட 100. அரசு எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். ஊனத்தின் அளவை டாக்டர் சொல்லலாம், வருமான இழப்பைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பணத்தில் பார்த்தால் வித்தியாசம் புரியும். மாதம் 15,000 ரூபாய் வருமானம், 30 வயதுக்குப் பெருக்கு எண் (எத்தனை ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண்) 17. ஆண்டு வருமானத்தோடு பெருக்கினால் 30,60,000. இதில் 30 சதவீதம் 9,18,000. ஊனம் 30 ஆனாலும் வருமான இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் 18,36,000.

மடக்க முடியாத மணிக்கட்டோடு ஈரக் கயிற்றை இறுக்கிப் பிடித்து வலை வாங்க முடியுமா, அலையில் படகு ஆடும்போது அந்தக் கையை ஊன்றி நிற்க முடியுமா என்பதெல்லாம் கோணமானியில் தெரியாது. இதை விசாரணையில் வக்கீல் கேட்டு வாங்க வேண்டும். கடலுக்குப் போனவர் என்பதற்கு மீனவர் நலவாரிய அட்டையும் படகு உரிமையாளரின் சாட்சியமும் இருந்தால் நல்லது.