அரக்கனின் நாற்காலியைக் குடைந்த பனி

வேல்ஸ் நாட்டில் மேற்படிப்புக்காகத் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர், காடைர் இட்ரிஸ் மலைக்குப் போய்வந்த கையோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். மலையின் நடுவே கிண்ணம்போலக் குழிந்து, மூன்று பக்கமும் செங்குத்துப் பாறையும் அடியில் கரிய ஏரியுமாக ஓரிடம் இருக்கிறது. அது அவிந்துபோன எரிமலையின் வாய் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்களாம். ஊர்க்கதையோ அது இட்ரிஸ் என்ற அரக்கன் அமர்ந்த நாற்காலி என்கிறது. இரண்டில் எது உண்மைக்குப் பக்கம் என்று கேட்கிறார். அதே பாதையில் ஒரு மே மாதக் காலையில் நானும் ஏறியிருக்கிறேன். அன்று முதல் என் விடை மாறவில்லை. எரிமலையைவிட அரக்கனே உண்மைக்குப் பக்கம்.

893 மீட்டர் உயரமுள்ள இந்த மலை, எரரி தேசியப் பூங்காவின் தென்பகுதியில், டோல்கெத்லை என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. 'காடைர்' என்றால் வேல்ஸ் மொழியில் நாற்காலி. இட்ரிஸ் அதில் சாய்ந்தபடி இரவெல்லாம் விண்மீன்களைக் கவனித்தான் என்பது கதை. அங்கே ஓரிரவு தனியாக உறங்குபவர் விடியும்போது கவிஞராக எழுவார், அல்லது பித்தராக எழுவார், அல்லது எழவே மாட்டார். கணவாயின் சிற்றேரி ஒன்றின் பக்கத்தில் கிடக்கும் மாபெரும் கற்கள், நடக்கும்போது உறுத்தியதால் இட்ரிஸ் தன் செருப்பிலிருந்து உதறிய பொடிக்கற்கள். மேகம் இறங்கும் இரவுகளில் 'கூன் அன்னுன்' என்னும் மறுவுலக வேட்டை நாய்கள் இந்தச் சரிவுகளில் ஓடும். அவை நெருங்க நெருங்கக் குரைப்பொலி தேய்ந்துகொண்டே போகும் என்பார்கள். மின்ஃபோர்த் பக்கத்திலிருந்து ஓடையை ஒட்டிக் கருவாலி மரங்களுக்கிடையே படிப்படியாக ஏறி, மரங்கள் முடிந்து வெளி திறந்து, அந்தக் கிண்ணத்துக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும்போது, இந்தக் கதைகள் ஏன் இங்கே பிறந்தன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஏரிக்கு மேலே பாறை ஏறத்தாழ 300 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. யாரோ நெடுங்காலம் அமர்ந்து எழுந்துபோன இடம் என்று கண் தானாகவே சொல்கிறது.

எரிமலைக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. இங்குள்ள பாறைகளில் பெரும்பாலானவை உண்மையாகவே எரிமலைப் பாறைகள்தான். ஆர்டோவிசியன் காலத்தில், 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கடலுக்கடியில் கக்கிய குழம்பு தலையணை தலையணையாக உறைந்த வடிவங்கள்கூட இங்கே உண்டு. ஆனால் அந்தப் பாறைகள் அதற்குப் பிறகு மடிந்து, சாய்ந்து, தேய்ந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அக்காலத்து எரிமலை வாய் ஒன்று வடிவம் கெடாமல் இன்றுவரை நீடிக்க வழியே இல்லை. கிண்ணத்தின் வயது பாறையின் வயதோடு ஒப்பிட நேற்றைய வயது. அது கடந்த 26 இலட்சம் ஆண்டுகளின் பனிக்காலங்களில் வெட்டப்பட்டது. வெட்டியது பனிக்கட்டி.

பள்ளிப் பாடத்தில் இதைச் 'சர்க்' என்று படித்திருப்போம். வேல்ஸ் மொழியில் 'கும்' என்கிறார்கள். எவரெஸ்ட் ஏறுவோர் கடந்துபோகும் மேற்குக் கும் என்ற பள்ளத்தாக்குக்கு 1921இல் ஜார்ஜ் மல்லோரி பெயரிட்டபோது இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். நாம் பேசும் கிண்ணம் கும் கை. அதிலுள்ள ஏரி லின் கை. தொடக்கக் கட்டங்கள் எல்லோரும் அறிந்தவையே. வெயில் குறைந்த, காற்றுக்கு மறைவான ஒரு பள்ளத்தில் வெண்பனி கோடையிலும் கரையாமல் தங்குகிறது; தென்மேற்குக் காற்று மலைமுகட்டின் பனியை வாரி மறுபுறம் கொட்டுவதால் பிரித்தானியத் தீவின் இத்தகைய கிண்ணங்களில் பெரும்பாலானவை வடக்கும் கிழக்கும் நோக்கித் திறந்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பனி தன் எடையாலேயே இறுகி, காற்றை வெளியேற்றிப் பனிக்கட்டியாகிறது. போதிய தடிமன் வந்ததும் நகரத் தொடங்குகிறது. அது எப்படி நகர்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம்.

சரிவில் இருக்கும் பனிக்கட்டி கீழ்நோக்கி வழுக்கும் என்று எண்ணுவது இயல்பு. வெறுமனே வழுக்கினால் சரிவு தேய்ந்து இன்னும் வழவழப்பான சரிவாகுமே தவிர, குழி ஆகாது. கிண்ணம் திறந்திருக்கும் பக்கமான வாசலில் பாறை வரம்பை விட்டுவைத்து, அதற்குப் பின்னால் ஏரி தேங்கும் அளவுக்கு ஆழமாக எது தோண்ட முடியும்? பதில் பனியாற்றின் ஆண்டு வரவுசெலவில் இருக்கிறது. குளிர்காலத்து வரவு பெரும்பாலும் மேல்பாதியில், பின்சுவரை ஒட்டிச் சேர்கிறது. கோடைகாலத்துச் செலவு பெரும்பாலும் கீழ்ப்பாதியில், வாசலை ஒட்டி உருகிப் போகிறது. பனியாற்றைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் மேலே ஆப்பு வடிவில் ஒரு துண்டு கூடுகிறது. கீழே ஆப்பு வடிவில் ஒரு துண்டு குறைகிறது. உள்ளே எதுவும் அசையாவிட்டால் மேற்பரப்பின் சாய்வு ஆண்டுக்காண்டு செங்குத்தாகிக்கொண்டே போயிருக்க வேண்டும். அப்படிப் போவதில்லை. ஏனென்றால் மேலே கூடிய எடை பனிக்கட்டியைப் பின்சுவர் ஓரமாகக் கீழே அழுத்துகிறது. நடுப்பகுதி முன்னே தள்ளப்படுகிறது. வாசலருகே அது மேல்நோக்கி எழுகிறது. மொத்தப் பனிக்கட்டியும், தனக்கு மேலே காற்றில் எங்கோ இருக்கும் ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்வதுபோல, வில்வளைவில் நகர்கிறது.

மதிய உணவுக்குப் பின் சாய்வு நாற்காலியில் உறங்கிப்போகும் பெரியவர்களைப் பார்த்திருப்போம். முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கும், இடுப்பு முன்னே நகரும், முழங்கால் மேலே எழும். காடைர் இட்ரிஸில் பனிக்கட்டி செய்ததும் இதே அசைவுதான். ஒரே வேறுபாடு, அந்த அசைவாலேயே அது தன் இருக்கையின் முதுகையும் அடிப்பகுதியையும் முன்விளிம்பையும் செதுக்கிக்கொண்டது. அழகு என்னவென்றால், குழி ஆழமாக ஆழமாக நிழலும் பனி வரவும் கூடுகின்றன. வரவு கூடச் சுழற்சி வலுக்கிறது. சுழற்சி வலுக்கக் குழி மேலும் ஆழமாகிறது. சாதாரணச் சரிவில் இருந்த ஒரு சிறு பள்ளம் இப்படியொரு கிண்ணமாக இந்த ஏற்பாடு போதும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 1951, 1952ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ. வி. லூயிஸ் தலைமையில், ஜே. ஜி. மெக்காலும் மாணவர்களும் நார்வேயின் வெஸ்ல்-ஸ்கவுட்பிரீன் என்ற சிறு பனியாற்றுக்குள் கையாலேயே சுரங்கம் தோண்டினார்கள். அந்த மலைத்தொடரின் பெயர் யோட்டுன்ஹைமன். அரக்கர்களின் உறைவிடம் என்பது அதன் பொருள். ஒவ்வொரு கோடையிலும் படியும் தூசு, பனிக்கட்டிக்குள் ஒரு கரிய கோடாகத் தங்கிவிடுகிறது. மேல்பகுதியில் இந்தக் கோடுகள் மேற்பரப்போடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கீழே போகப் போகச் சாய்வு குறைந்து, பிறகு திசை மாறி, வாசலருகே பின்சுவரை நோக்கிச் சரிந்து நின்றன. படிந்தபோது ஒரு பக்கம் சாய்ந்த அடுக்கு, பயணத்தின் முடிவில் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது என்றால், அது இடையில் சுழன்றிருக்கிறது. சுரங்கச் சுவரில் அடித்த முளைகளும், பனியாறு உள்ளுக்குள் குழைந்து ஓடுவதைவிட, ஒரே கட்டியாக அடிப்பாறைமேல் வழுக்குவதே அதிகம் என்று காட்டின.

பனிக்கட்டி பாறையைவிட மிக மென்மையானது. அது தனியாகத் தேய்க்காது. உப்புத்தாளில் தேய்ப்பது தாள் அல்லவே, அதில் ஒட்டிய மணல்தானே. அடியில் உறைந்து சிக்கிய கற்களும் பொடிகளும் பாறைமேல் இழுபட்டு அதை அரைக்கின்றன. பனிக்கட்டி தடிமனாக இருக்கும் நடுப்பகுதியில் அரைப்பு மிகுதி; மெலிந்துபோகும் வாசலில் குறைவு. அதனால்தான் வாசலில் பாறை வரம்பு நின்றது; அதன்மேல் பனிக்கட்டி சுமந்துவந்த கற்குப்பையும் மொரைன் மேடாகக் கொட்டிக் கிடக்கிறது. அடியே இல்லாத ஏரி என்று பேர்போன லின் கை, இந்த வரம்புக்குப் பின்னால் தேங்கிய நீர்.

பின்சுவர் மட்டும் வேறு கதை. பனியாறு கீழே அழுந்தும்போது அதற்கும் சுவரருகே ஒட்டிநிற்கும் பனிக்கும் இடையே ஆழமான வெடிப்பு ஒன்று திறக்கிறது. 1883இல் வில்லார்ட் ஜான்சன் என்ற அமெரிக்க நிலவரைபடக்காரர், கலிபோர்னியாவின் லயல் மலையில் இத்தகைய வெடிப்பொன்றில் கயிறு கட்டிச் சுமார் 45 மீட்டர் இறங்கினார். அடியில் பாறை வெடித்துப் பெயர்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, பகலில் நீர் புகுந்து இரவில் உறைந்து பாறையை உடைக்கிறது என்று முடிவு செய்தார். பின்வந்தவர்கள் வெடிப்புக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, அங்கே பகலிரவு வேறுபாடு மிகக் குறைவு என்று தெரிந்தது. 1985இல் வால்டர், ஹாலட் என்ற ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: சுழியத்துக்குச் சில பாகை கீழே வெப்பநிலை நீண்ட நாள் நிலைத்திருந்தால், பாறையின் நுண்பிளவுகளுக்கு மெல்லிய நீர் தொடர்ந்து இழுக்கப்பட்டு, அங்கே வளரும் பனிக்கட்டியே பிளவை நெம்பித் திறக்கும். கயிற்றில் இறங்கியவரிடமிருந்து இந்தக் கணக்குவரை நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இதனால் உடனடிப் பயன் என்ன என்று கேட்டே நிதி ஒதுக்குவோர் இவற்றில் எதற்கும் பணம் தந்திருக்க மாட்டார்கள். இன்று பனியாறுகள் எவ்வளவு விரைவாகச் சுருங்கும் என்று கேட்கும்போது நாம் நாடுவது, பனிக்கட்டி பாறைமேல் எப்படி வழுக்குகிறது என்று இப்படிக் கைவலிக்கத் தோண்டி அறிந்ததைத்தான். களத்தில் பொறுமையாக அளக்கும் அறிவியலுக்குக் கேள்வி கேட்காமல் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளக்கும் முன், பார்க்கத் தெரிய வேண்டும். 1831 ஆகஸ்டில் நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக்கோடு இளைஞர் டார்வின் இங்கிருந்து வடக்கே உள்ள கும் இட்வாலில் பாறைகளைச் சோதித்தார். கீறிய பாறைகள், தனித்து நிற்கும் பெருங்கற்கள், மொரைன் மேடுகள் எல்லாம் சுற்றிலும் இருந்தன. இருவர் கண்ணிலும் அவை படவில்லை. 1840இல் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் லூயி அகாசி பிரித்தானியாவிலும் பனியாறுகள் இருந்தன என்று எடுத்துரைத்த பிறகு, 1842இல் டார்வின் திரும்பி வந்து எல்லாவற்றையும் கண்டார். தீயில் எரிந்த வீடுகூடத் தன் கதையை இந்தப் பள்ளத்தாக்கைவிடத் தெளிவாகச் சொல்லாது என்று பிற்காலத்தில் எழுதினார். அத்தகைய கண்களுக்கே தப்பியதை, அந்த மலையடியில் ஆடு மேய்த்தவர்கள் பாதியாவது பிடித்துவிட்டார்கள். இங்கே ஏதோ பெரிது அமர்ந்திருந்தது, இந்தக் கற்களை ஏதோ பெரிது கொண்டுவந்து போட்டது என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே இட்ரிஸ் கதையை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் பேசுவதுபோல் தோன்றிக்கொண்டு, பாறையைப் பார்க்காமலே சொல்லப்படும் எரிமலை வாய்தான் எனக்கு மூடநம்பிக்கையாகப் படுகிறது.

வாசகர் மறுபடி போவதாக எழுதியிருக்கிறார். ஏரியை அடையும் முன், கிண்ணத்தின் கிழக்கு வாசலில், திமிங்கில முதுகுபோல வழவழத்த பாறைகள் வெண்பளிங்குக் கோடுகளோடு கிடக்கும். அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஏரி இருக்கும் பக்கம் மென்மையாகச் சரிந்திருக்கும். மறுபக்கம் கல் பெயர்ந்து கரடுமுரடாக இருக்கும். மென்பக்கத்தில் பென்சில் தடிமனுள்ள கீறல்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். மழை நின்ற சற்று நேரத்தில், சாய்வெயிலில், அவை நன்றாகத் தெரியும். விரலால் ஒரு கீறலைப் பின்தொடர்ந்தால், அது ஏரிப் பக்கத்திலிருந்து வாசலை நோக்கி மேடேறிப் போவதை உணரலாம். கடைசியாக இந்தக் கும்களில் பனிக்கட்டி கரைந்து ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் ஆகின்றன. அது எழுந்துபோன திசை இன்னும் அந்தப் பாறையில் இருக்கிறது.