ஐந்தாவது கப்பல் எதற்கு? கடற்போர் விளையாட்டில் கான்வாய்க் கணக்கு

சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' என்னும் உத்தி விளையாட்டில் கான்வாய், அதாவது காவலுடன் அணியாகச் செல்லும் சரக்குக் கப்பல்கள், வெறும் ஓர் எண்தான். கப்பல் கட்டும் தளங்கள் அந்த எண்ணைக் கூட்டுகின்றன. எதிரியின் நீர்மூழ்கிகள் அதைக் குறைக்கின்றன. கடல் கடந்து வரும் இறக்குமதி, வெளிநாட்டில் நிற்கும் படைக்கான வழங்கல், வீரர்களை ஏற்றிச் செல்லுதல் ஆகிய ஒவ்வொன்றும் அதிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. கையிருப்பில் இன்னும் கான்வாய் இருக்கிறது என்று தெரிந்தவுடன் பெரும்பாலான விளையாட்டாளர்கள் போர்க்கப்பல்களின் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஓர் எண்ணுக்குள் காலம், தொலைவு, துறைமுகத்தின் திறன், எதிரியின் பார்வை எல்லாம் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் கான்வாய் எதைக் காக்கிறது, அதற்கு என்ன விலை கேட்கிறது என்பது விளங்கும்.

ஒரு தீவில் நிற்கும் படைக்கு நாளொன்றுக்கு 500 டன் பொருள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரக்குக் கப்பல் 5,000 டன் ஏற்றும். புறப்பட்டு, இறக்கி, திரும்பி, மீண்டும் ஏற்றி முடிக்க 40 நாள் ஆகும். நாள் தேவையைச் சுற்றுக்காலத்தால் பெருக்கி, கப்பலின் கொள்ளளவால் வகுத்தால் வேண்டிய கப்பல்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 500 × 40 ÷ 5,000, அதாவது நான்கு கப்பல்கள். இந்தக் கணக்கில் கப்பலின் வேகமோ கவசமோ நேரடியாக வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றுக்காலம் மட்டுமே வருகிறது. ஆகவே அந்தக் காலத்தை நீட்டும் எதுவும், ஒரு குண்டுகூட வெடிக்காமலே, கப்பலை மூழ்கடித்ததற்குச் சமமான விளைவைத் தரும்.

கான்வாய் அமைப்பு அந்தக் காலத்தை நீட்டவே செய்கிறது. தீவின் துறைமுகம் நாளொன்றுக்கு 2,000 டன் இறக்கக்கூடியது என்றால், தனியாக வரும் கப்பல் இரண்டரை நாளில் காலியாகிவிடும். அணியாக வரும் கப்பல்களோ ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து, கடைசிக் கப்பல் காலியானபின் சேர்ந்தே திரும்ப வேண்டும். நான்கு கப்பல்களுக்குப் பத்து நாள் ஆகும். சுற்றுக்காலம் 47.5 நாளாகிவிடுவதால் நான்கு கப்பல்கள் போதாமல் ஐந்தாவது தேவைப்படுகிறது. ஐந்தாவதும் அணியில் சேர்ந்தவுடன் துறைமுகக் காத்திருப்பு இன்னும் இரண்டரை நாள் கூடி, சுற்று 50 நாளாகி, ஐந்து கப்பல்கள் மிகச்சரியாகப் போதுமானவை ஆகின்றன. புறப்படும் இடத்தில் கப்பல்கள் ஒன்றுகூடுவதற்கான காத்திருப்பை இதில் சேர்க்கவே இல்லை. மேலும், பொருள் பத்து நாளுக்கு ஒருமுறை 5,000 டன்னாக வராமல், 50 நாளுக்கு ஒருமுறை 25,000 டன்னாக வருவதால் கிடங்குகளும் அதற்கேற்பப் பெரியவையாக இருக்க வேண்டும். துறைமுகத்தின் தரத்தை உயர்த்துவது பலருக்கும் சலிப்பான செலவாகத் தோன்றுகிறது. என் கணிப்பில் அது ஓர் அழிப்புக்கப்பல் கட்டுவதைவிடப் பல வேளைகளில் இலாபகரமானது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது என்ன? முதலாவதாக, மறைவு. கப்பல்கள் கூட்டமாகச் சென்றால் எளிதில் கண்ணில் படும் என்பதே பலரது உள்ளுணர்வு. கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. நீர்மூழ்கியிலிருந்து பத்துக் கடல் மைல் தொலைவுவரை ஒரு கப்பலைக் காண முடியும் என்று கொண்டால், தனியாகச் செல்லும் கப்பல் தன் பாதையின் இருபுறமும் சேர்த்து 20 மைல் அகலமுள்ள ஆபத்துப் பட்டையை இழுத்துச் செல்கிறது. இனி 45 கப்பல்களை ஒன்பது வரிசைகளாக, வரிசைக்கு ஐந்தாக, வரிசைகளுக்கிடையே ஏறத்தாழ 900 மீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அணியின் மொத்த அகலமே சுமார் நான்கு கடல் மைல்தான். எனவே அதன் ஆபத்துப் பட்டை 24 மைல். அதே 45 கப்பல்களும் தனித்தனி வழியில் சென்றால் பட்டைகளின் கூட்டுத்தொகை 900 மைல். பெருங்கடலில் காத்திருக்கும் நீர்மூழ்கிக்கு அணியாகச் செல்லும் 45 கப்பல்களும் கிட்டத்தட்ட ஒரே கப்பலைப் போலத்தான் அரிதானவை.

இரண்டாவது, கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஏழாம் வகை நீர்மூழ்கியின் முன்புறம் நான்கும் பின்புறம் ஒன்றுமாக ஐந்து டார்பிடோ குழாய்களே இருந்தன. மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும், அதற்குள் காவல் கப்பல்கள் நெருங்கிவிடும். எதிரில் 30 கப்பல்கள் இருந்தாலும் 60 இருந்தாலும் ஒரு தாக்குதலில் அது மூழ்கடிக்கக்கூடிய எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அணி பெருகப் பெருக இழப்பின் சதவீதம் குறைகிறது. காவல் செலவும் அதே வீதத்தில் ஏறுவதில்லை. கப்பல்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் அணியின் பரப்பளவுதான் நான்கு மடங்காகும். காவல் காக்க வேண்டிய சுற்றளவு இரண்டு மடங்கே. இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் தலைமையில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் இயங்கிய ஆய்வுக் குழு 1943 வாக்கில் இழப்புப் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்து, பெரிய கான்வாய்களே பாதுகாப்பானவை என்று எடுத்துக்காட்டியது. பெரிய அணி பெரிய இலக்கு என்று அதுவரை நம்பியிருந்த கடற்படை பின்னர் அணிகளைப் பெருக்கியது. 1944 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட எச்.எக்ஸ். 300 கான்வாயில் 160-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட எதிரியிடம் பறிபோகவில்லை.

அணியின் வேகம் அதன் மிக மெதுவான கப்பலின் வேகம் என்பதால், நேச நாடுகள் வட அட்லாண்டிக் பாதையில் வேகமான கப்பல்களை எச்.எக்ஸ். வரிசையிலும் மெதுவானவற்றை எஸ்.சி. வரிசையிலும் பிரித்தே அனுப்பின. மிக வேகமானவற்றுக்கு அணியே தேவைப்படவில்லை. படைவீரர்களை ஏற்றிச் சென்ற 'குயின் மேரி' பெருங்கடலைப் பெரும்பாலும் தனியாகவே கடந்தது, ஏனெனில் நீரின் மேல் ஓடும்போதுகூட ஏறத்தாழ 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்) வேகமே கொண்ட நீர்மூழ்கியால் அதைத் துரத்திப் பிடிக்க இயலாது.

அட்லாண்டிக் போர் ஒரு காலத்தில் உண்மையாகவே தரையில் ஆடப்பட்ட விளையாட்டாக இருந்தது. 1942 ஜனவரியில் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் தொடங்கிய உத்திப் பயிற்சிப் பிரிவில், கட்டம் போட்ட தரையே கடல். மகளிர் கடற்படைப் பணியாளர்கள் சாக்குக்கட்டியால் கப்பல்களின் பாதையை வரைந்தார்கள்; பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று, ஒரு துளை வழியாக, உண்மைக் கடலில் அந்நேரத்தில் தமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டுமே பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். நீர்மூழ்கி இரவில் நீரின்மேல் ஓடி, பின்புறமாக அணிக்குள் நுழைந்து, உள்ளிருந்தே சுட்டுவிட்டு மூழ்கி, அணி தன்னைக் கடந்து போகும்வரை காத்திருக்கிறது என்பது இந்தத் தரையில்தான் பிடிபட்டது. அதுவரை காவல் கப்பல்கள் அணிக்கு வெளியே தேடி ஓடிக்கொண்டிருந்தன. இனி அவை அணியின் பின்புறத்தைச் சல்லடை போட வேண்டும் என்று வகுத்த உத்திக்கு, பிரிவில் பணியாற்றிய ஜீன் லெய்ட்லா 'ராஸ்பெரி' என்று பெயரிட்டார். இன்றைய கணினி விளையாட்டுகளில் கப்பல் மூழ்கிய மறுநொடியே இடமும் காரணமும் திரையில் தோன்றிவிடுகின்றன. அந்தத் திரைத்துளை தந்த கட்டுப்பாடு இவற்றில் இல்லை என்பதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

விளையாட்டில் இறுதியாக எழும் கேள்வி பெரும்பாலும் இதுவே: ஆபத்தான கடற்பகுதியைத் தவிர்த்துச் சுற்றிச் செல்வதா, நேர்வழியில் செல்வதா? நம் தீவுக்கே திரும்புவோம். சுற்றுவழி 20 நாள் கூடுதல் என்றால், துறைமுகக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிடும்போது ஐந்து கப்பல்களுக்குப் பதில் எட்டு தேவைப்படும். நேர்வழியில் ஒரு சுற்றுக்கு இருபதில் ஒரு கப்பல் இழப்பு என்றால், ஐந்து கப்பல் அணி சராசரியாக 200 நாளுக்கு ஒரு கப்பலை இழக்கும். கூடுதலாகக் கட்ட வேண்டிய மூன்று கப்பல்களுக்கு அந்த இழப்பு சமமாவதற்கு 600 நாள் பிடிக்கும். போர் அதற்குமுன் முடியும் என்று தோன்றினால், கப்பல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு நேர்வழியே சிக்கனம். ஆனால் சரக்குடன் மூழ்கும் ஒவ்வொரு கப்பலும் தீவின் பத்து நாள் தேவையை உடன் கொண்டுசெல்கிறது. அடுத்த அணி வர 50 நாள் ஆகும். கிடங்கில் அந்தப் பத்து நாளுக்கான 5,000 டன் முன்கூட்டியே சேர்ந்திராத நிலையில், எட்டுக் கப்பல்களைக் கட்டிச் சுற்றுவழியில் அனுப்புவதே தக்கது.