ஆன்டிஜென் பிரசன்டேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

'ஆன்டிஜென்' என்ற சொல்லை 1899இல் உருவாக்கியவர் ஹங்கேரியைச் சேர்ந்த லாடிஸ்லாஸ் டாய்ச். உடலில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாகத் தூண்டுவது என்பது கருத்து. கடைசியில் உள்ள 'ஜென்', பிறப்பிப்பதைக் குறிக்கும் கிரேக்க வேர். மரபணுவுக்கு 'ஜீன்' என்று 1909இல் பெயர் வைத்தவர் டென்மார்க் தாவரவியலாளர் யோகான்சன். வேர் ஒன்றுதான், பொருள் வேறு. எனவே 'எதிர்மரபணு' என்று யாராவது எழுதினால் அது பிழை. பிறபொருளெதிரியாக்கி, எதிர்ப்பொருள்தூண்டி என்று இரண்டு சொற்கள் தமிழில் வழங்குகின்றன. சொல்ல எளிது என்பதால் என் வாக்கு இரண்டாவதற்கு.

சரி, 'பிரசன்டேஷன்'? நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒன்றான டி செல்லுக்கு முழுக் கிருமியைப் பார்த்து அடையாளம் காணத் தெரியாது. கிருமியின் புரதத்தை வேறொரு செல் உள்ளே துண்டாக்கி, எம்எச்சி என்னும் மூலக்கூறில் பொருத்தி, தன் மேற்பரப்பில் நிறுத்திவைக்க வேண்டும். கிருமியின் அடையாளத்தையும் எம்எச்சியையும் சேர்த்தே டி செல் அறிகிறது என்று 1974இல் காட்டிய சிங்கர்நாகலும் டோகர்ட்டியும் 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள். இங்கே எதுவும் கைமாறுவதில்லை. அதனால் 'வழங்கல்', 'அளித்தல்' இரண்டும் பொருந்தா, 'முன்வைப்பு' பொருந்தும்.

எம்எச்சியைத் தமிழில் 'முதன்மைத் திசுப்பொருத்தத் தொகுதி' எனலாம். எலிகளில் ஒட்டுத்திசு ஏன் நிராகரிக்கப்படுகிறது என்று ஆராய்ந்த ஜார்ஜ் ஸ்னெல் போன்றவர்களின் வேலையிலிருந்து வந்த பெயர் இது. மூலக்கூறின் உண்மையான வேலை முன்வைப்பு என்பது பின்னால்தான் தெரிந்தது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதில் இரண்டு வகுப்புகள் உண்டு. செல்லுக்குள்ளேயே உருவாகும் புரதத்தின் துண்டுகளைக் காட்டுவது முதல் வகுப்பு. உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கும். வெளியிலிருந்து விழுங்கியதை மற்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் உதவி டி செல்களுக்குக் காட்டுவது இரண்டாம் வகுப்பு. கிருமிகளை விழுங்கும் டென்ட்ரிடிக் செல், மேக்ரோபேஜ், எதிர்ப்பொருளுக்கு மூலமான பி செல் என ஒரு சில நோயெதிர்ப்புச் செல்களில்தான் வழக்கமாகக் காணப்படும். இரண்டாம் வகுப்பின் மரபணுக்களோ உட்கரு உள்ள எல்லாச் செல்களிலும், மனிதரின் 6ஆம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில், இருக்கின்றன. அப்படியானால் அவற்றை இயக்குவது எது?

விடை ஓர் அரிய நோயிலிருந்து கிடைத்தது. 'வெற்று லிம்போசைட்' (லிம்போசைட் என்பது டி, பி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) குறைபாட்டின் ஒரு வகையில் இரண்டாம் வகுப்பு மரபணுக்கள் பழுதில்லாமல் இருந்தும் செல்லின் மேற்பரப்பில் அந்த மூலக்கூறு இராது. பெயரில் உள்ள வெறுமை அதுதான். 1993இல் ஜெனீவாவில் பெர்னார்ட் மாக் குழுவினர், சில நோயாளிகளிடம் பழுதாகியிருப்பது சிஐஐடிஏ என்ற புரதத்தின் மரபணு என்று கண்டார்கள். இந்தப் புரதம் டிஎன்ஏவை நேரடியாகத் தொடுவதில்லை. ஆர்எஃப்எக்ஸ், என்எஃப்-ஒய் போன்ற புரதங்கள் முதலில் டிஎன்ஏவில் அமர்கின்றன; அவற்றின் மேல் இது வந்து சேர்ந்தால்தான் மரபணு படிக்கப்படும்.

ஆக, சிஐஐடிஏ எங்கே, எப்போது உண்டாகிறது என்பதே முக்கியமான கேள்வியாகிவிடுகிறது. அதன் மரபணுவுக்குப் பல தொடக்கப் பகுதிகள், அதாவது படிப்பைத் தொடங்கிவைக்கும் இடங்கள்: ஒன்று டென்ட்ரிடிக் செல்லில், இன்னொன்று பி செல்லில், மற்றொன்று நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் வந்து சேரும் செல்களில் இயங்கும். பி செல் பிளாஸ்மா செல்லாக மாறும்போது பிளிம்ப்-1 என்ற புரதம் சிஐஐடிஏ உற்பத்தியை அடக்கிவிடும். எதிர்ப்பொருள் சுரக்கப் போகிற செல் இனி எதையும் முன்வைக்கத் தேவையில்லை. டென்ட்ரிடிக் செல் முதிரும்போதும் சிஐஐடிஏ உற்பத்தி நின்றுபோகும். ஆனால் மேற்பரப்பில் ஏற்கெனவே உள்ள இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகள் அகற்றப்படாமல் நீடிக்கும். தொற்று நடந்த இடத்தில் பிடித்த துண்டுகளையே டி செல்களிடம் காட்டிக்கொண்டிருக்க இது உதவுகிறது. முதல் வகுப்பிலும் இதேபோன்ற வேலையை, அதே குடும்பத்தைச் சேர்ந்த என்எல்ஆர்சி5 செய்கிறது.

மேலே பார்த்த இந்த 'ஜீன் ரெகுலேஷன்' என்பதை 'மரபணுக் கட்டுப்பாடு' என்று எழுதுவதுண்டு. கட்டுப்பாடு என்றால் தடுப்பது மட்டுமே காதில் விழும். இயக்குவதும் நிறுத்துவதும் இரண்டும் இதில் அடங்குவதால் 'மரபணு நெறிப்படுத்தல்' மேல். சிஐஐடிஏ, என்எல்ஆர்சி5 போன்றவை இடுகுறிப் பெயர்கள் மாதிரி; அவற்றைத் தமிழாக்காமல் அப்படியே ஒலிபெயர்த்து எழுதலாம்.