இணையத்தில் கிடைத்த பாட்டும் சபை பாட வேண்டிய பாட்டும்

ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது பாடலின் நடுவே, முன்வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா பாடுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீபோர்டில் இருந்த நானும் திரும்பிப் பார்த்தேன். ‘ஜீவன் அளிப்பவரே’ என்று இருக்க வேண்டிய வரி ‘ஜீவன் அழிப்பவரே’ என்று பெரிய எழுத்தில் நின்றது. ஒரே ஓர் எழுத்துதான். உயிரைக் கொடுப்பவர் உயிரைப் பறிப்பவராகிவிட்டார்.

ஸ்லைடு போட்ட தம்பியிடம் ஆராதனை முடிந்த பிறகு கேட்டேன். “சனிக்கிழமை ராத்திரி நெட்ல தேடினேன் அண்ணா, முதல்ல வந்ததை அப்படியே காப்பி பண்ணிட்டேன்” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கே தேட வேண்டும், எடுத்ததை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று குழுவில் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையதாக இருந்தது.

ஆராதனைக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எங்கே போனாலும் முதலில் வரும் கேள்வி, “எந்த வெப்சைட் நல்லது அண்ணா?” என்பதுதான். தளங்களின் பெயர் சொல்வது எளிது, கீழே சொல்லவும் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பழக வேண்டும்: இதை அங்கே போட்டது யார்? பாடலை எழுதியவரா, அவருடைய பதிப்பகமா, அல்லது காதில் கேட்டதைத் தட்டச்சு செய்த யாரோ ஒருவரா? வரிகள், கார்ட்ஸ் (பாட்டுக்குத் துணையாகக் கிட்டாரிலும் கீபோர்டிலும் வாசிக்கும் சுரக்கூட்டுகள்), ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை), அனுமதி என எல்லாவற்றிலும் இந்த ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வரிகளில் இருந்தே தொடங்குகிறேன். பாடல் வரித் தளங்கள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. ஒரு தளத்தில் பிழை இருந்தால் அதே பிழை பத்துத் தளங்களில் இருக்கும். ‘பத்து இடத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்பது அதனால் சாட்சியே ஆகாது. தமிழில் ர-ற, ல-ள-ழ, ந-ண-ன குழப்பம் அர்த்தத்தையே புரட்டிப் போடும். ‘இரக்கம்’ ஒன்று, ‘இறக்கம்’ வேறொன்று. பாடியவரே வெளியிட்ட வீடியோவின் விளக்கப் பகுதி, அச்சான பாடல் புத்தகம், பதிப்பகத்தின் பக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு ஒப்பிட்ட பிறகே ஸ்லைடுக்குப் போக வேண்டும். அப்புறம் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். கண் தாண்டிப் போகும் பிழையை நாக்கு பிடித்துவிடும்.

கார்ட்ஸ் விஷயம் இன்னும் நுணுக்கமானது. இலவசமாகக் கிடைக்கும் கார்ட்ஸ் தாள்களில் பெரும்பாலானவை ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவை. கார்டிஃபை போன்ற மென்பொருள்கள் ஒலிப்பதிவைக் கேட்டுத் தாமாகவே கார்ட்ஸ் கண்டுபிடிக்கின்றன. தொடங்குவதற்கு அது நல்ல உதவிதான். ஆனால் எங்கே தவறுகிறது தெரியுமா? பேஸில், அதாவது அடியில் ஒலிக்கும் சுரத்தில். மூலப் பதிவில் சி என்ற கார்ட், அப்புறம் பி-யை அடியில் வைத்த ஜி, அப்புறம் ஏ மைனர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிட்டார் சி, பி, ஏ என்று படி இறங்குவதுபோல் இறங்கும். அந்த இறக்கம்தான் பாட்டின் உருக்கம். தாளில் வெறும் சி, ஜி, ஏ மைனர் என்று மட்டும் இருந்தால், பேஸ் வாசிப்பவர் ஜி-க்குத் தாவிவிட்டு மறுபடி ஏ-க்கு ஏறுவார். யாரும் தப்பாக வாசிக்கவில்லை, ஆனாலும் ‘ஒரிஜினல் மாதிரி இல்லையே’ என்று எல்லோருக்கும் தோன்றும். பயிற்சி நேரத்தில் அரை மணி இதிலேயே போவதை நான் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். ஹெட்போன் போட்டு பேஸை மட்டும் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். தாளை பென்சிலால் திருத்துங்கள். திருத்திய தாளே இனி உங்கள் குழுவின் தாள்.

இன்னொரு சங்கதி. யூடியூபில் சில பாடல்களோடு சேர்ந்து வாசித்தால் எந்த ஸ்கேலிலும் (பாட்டின் ஆதார சுரம்) பொருந்தாது, இரண்டு சுரங்களுக்கு நடுவில் தொங்கும். கிட்டாரை மறுபடி மறுபடி ட்யூன் செய்து தவிப்பார்கள். கிட்டாரில் கோளாறு இல்லை. வேறொருவரின் பாடலைத் தன் சேனலில் ஏற்றுபவர்கள் சிலர், பதிப்புரிமை உள்ள ஒலிப்பதிவுகளைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடிக்காமல் இருக்கச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ விடுகிறார்கள். பாடியவரின் சொந்தச் சேனலுக்குப் போனால் பெரும்பாலும் அங்கே சுருதி சரியாக இருக்கும்.

சரி, ஸ்கேலுக்கு வருகிறேன். எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது இதுதான். இணையத்தில் கிடைக்கும் தாள் யாருடைய தொண்டைக்காக எழுதப்பட்டது? பெரும்பாலும் மேலே பறக்கும் குரல் கொண்ட ஒரு பாடகருக்காக. சபையில் இருப்பவர்கள் தினமும் சாதகம் செய்கிறவர்கள் அல்ல. நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி, மேலே அடுத்த ஆக்டேவின் (ஸ்தாயியின்) டி வரைக்கும்தான் பொதுவாக எல்லோரும் சிரமமில்லாமல் பாட முடியும் (ஆண்களுக்கு அதே சுரங்கள் ஓர் ஆக்டேவ் கீழே). அதற்கு மேலே போனால் முதலில் ஆண்கள் நிறுத்துவார்கள், அப்புறம் பெரியவர்கள். கடைசியில் மேடை மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடல் பி மேஜரில், உச்ச சுரம் எஃப் ஷார்ப் என்றால், நான்கு அரைச்சுரம் இறக்கி ஜி மேஜருக்குக் கொண்டுவந்தால் உச்சம் டி ஆகிவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் பல புதிய பாடல்களில் சரணம் மிகக் கீழேயும் கோரஸ் ஓர் ஆக்டேவ் மேலேயும் இருக்கும். நான்கு அரைச்சுரம் இறக்கினால், பி-யில் இருந்த சரணத்தின் அடி சுரம் ஜி-க்குப் போய், முணுமுணுப்பாகிவிடும். அப்போது இரண்டு அரைச்சுரம் மட்டும் இறக்கி ஏ-யில் வைத்தால் மேலே ஈ, கீழே ஏ. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி. எந்தத் தளமும் இதை உங்களுக்காக முடிவு செய்து தராது. உங்கள் சபையார் பாடும் சத்தத்தைக் கேட்டவர்தான் முடிவு செய்ய முடியும். ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்கேல் மாற்றித் தரும் கார்ட்ஸ் தளங்கள் இன்று நிறைய இருக்கின்றன. கார்ட்ப்ரோ என்ற எளிய உரை வடிவில் சேமித்து வைத்தால், அதைப் படிக்கும் எந்தச் செயலியிலும் ஸ்கேல் மாற்றிக்கொள்ளலாம்.

அனுமதி பற்றிப் பேசினால் பலருக்கு முகம் மாறும். “ஆண்டவருக்குப் பாடுவதற்கு எதற்கு லைசென்ஸ்?” என்று ஒரு மூத்த ஊழியர் என்னிடம் நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. ஆராதனையின் நடுவே சபை பாடுவதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110(3) பிரிவு அப்படி ஒரு விலக்கு, இந்தியச் சட்டத்திலும் உண்மையான மதச் சடங்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பாடுவது வேறு. வரிகளை நகலெடுப்பது, கார்ட்ஸ் தாளைப் பத்துப் பேருக்கு அனுப்புவது, ஆராதனையை நேரலையாக ஒளிபரப்புவது வேறு. இவற்றையும் அந்த விலக்கே தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1970-களில் அமெரிக்காவில், பாடல்களை அனுமதியின்றி நகலெடுத்ததற்காக ஒரு பதிப்பகம் ஒரு பெரிய மறைமாவட்டத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சபைகளுக்கு அந்த வழக்கு பெரிய அதிர்ச்சி. சபைகளுக்கென்றே உரிமம் வழங்கும் சிசிஎல்ஐ அமைப்பு 1988-இல் தொடங்கியதற்குப் பின்னணி இந்தச் சூழல்தான்.

சிசிஎல்ஐ உரிமக் கட்டணம் சபையின் அளவைப் பொறுத்து மாறும். அதில் சேர்ந்த பதிப்பகங்களின் பாடல்களைத் திரையில் காட்டலாம், அச்சிடலாம். நேரலைக்குத் தனி உரிமம் வேண்டும். சாங்செலக்ட் என்ற அவர்களுடைய சேவையில் வரிகள், கார்ட்ஸ், மெலடி தாள் எல்லாம் கிடைக்கும், ஸ்கேலும் மாற்றலாம். ஒன்றை மறக்கக் கூடாது: பட்டியலில் இல்லாத பாடலுக்கு அந்த உரிமம் செல்லாது. தமிழில் பாடும் நமக்கு இது முக்கியம். நாம் பாடும் பல பாடல்களின் உரிமை பாடலாசிரியரிடமே இருக்கிறது. அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நான் கேட்டவரையில் யாரும் மறுத்ததில்லை, ஒருவர் தன் கையெழுத்தில் இருந்த பழைய கார்ட்ஸ் தாளையே படமெடுத்து அனுப்பினார். கிடைத்த பதிலைச் சேமித்து வையுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

‘பழைய பாட்டுதானே, எல்லோருக்கும் பொது’ என்ற நம்பிக்கையும் சில நேரம் ஏமாற்றும். ‘ஹவ் கிரேட் தவ் ஆர்ட்’ நூற்றாண்டுப் பழைய ஞானப்பாட்டு போலவே ஒலிக்கும். அதன் மூலக் கவிதையை ஸ்வீடிஷ் மொழியில் கார்ல் போபெர்க் 1885-இல் எழுதினார். நாம் பாடும் ஆங்கில வரிகளோ ஸ்டூவர்ட் ஹைன் 1949-இல் தந்தவை. அவர் 1989-இல்தான் மறைந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை நீடிக்கும் நாடுகளில் அந்த வரிகளுக்கு 2059 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் அந்தக் கணக்கு 60 ஆண்டு. மொழிபெயர்ப்புக்கும் புதிய இசையமைப்புக்கும் தனித்தனி உரிமை உண்டு என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

காலம் முடிந்த பாடல்களைத் தேட நான் முதலில் போவது ஹிம்னரி தளம். அமெரிக்காவின் கால்வின் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வேத வசனத்தைக் கொடுத்தே பாடல் தேடலாம். பிரசங்கப் பகுதி முன்கூட்டியே தெரிந்தால் இது பெரிய உதவி. எனக்குப் பிடித்தது யாப்பு அளவைக் கொண்டு தேடும் வசதி. ‘அமேசிங் கிரேஸ்’ பாடலின் அளவு 8.6.8.6, அதாவது வரிக்கு எட்டு அசை, ஆறு அசை, மறுபடி எட்டு, ஆறு. ஜான் நியூட்டனின் அந்த வரிகள் 1779-இல் அச்சாயின. இன்று நாம் அறிந்த ராகத்தோடு அவை சேர்ந்தது 1835-இல்தான். அதுவரை வேறு மெட்டுகளில் பாடினார்கள். இதே அளவுள்ள எந்த மெட்டிலும் அது உட்காரும். நல்ல வரிகள், ஆனால் மெட்டு சபைக்கு வரவில்லை என்றால் அதே அளவில் வேறு மெட்டைத் தேடி எடுக்கலாம். ஒரு குழுவில் இதைச் செய்து காட்டியபோது, பல வருடம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பாடல் ஒரே மாலையில் திரும்ப வந்தது.

நான்கு குரல் இசைத்தாள் வேண்டும் என்றால் சிபிடிஎல், ஐஎம்எஸ்எல்பி என்ற இரண்டு இலவச இசைத்தாள் தளங்கள் இருக்கின்றன. மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம், இசைத்தாள் எழுத அருமையானது. ஆனால் அதே பெயரில் உள்ள தளத்தில் யார் வேண்டுமானாலும் தாள் ஏற்றலாம் என்பதால் அங்கேயும் அந்த முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். திரையில் வரிகள் காட்ட ஓப்பன்எல்பி இலவசமாகவே கிடைக்கிறது. பணம் கொடுக்க முடியவில்லை என்று யாரும் திருட்டு மென்பொருள் பக்கம் போகத் தேவையில்லை. அப்படி இறக்கிய ஒன்றால் ஒரு குழுவின் கணினியில் வைரஸ் புகுந்து, சேமித்த பாடல்கள் எல்லாம் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ட்ராக் வைத்துப் பாடும் குழுக்களுக்கு மட்டும் ஒரு சொல். போனில் இணையம் வழியாக நேரடியாக ஓட்டாதீர்கள். ஜெபத்துக்குப் பிறகு அமைதியாகத் தொடங்க வேண்டிய பாடலுக்கு முன் விளம்பரம் அலறியதை நான் அனுபவித்திருக்கிறேன். முறையாக வாங்கிய ட்ராக்கைக் கணினியில் இறக்கி, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நேரலையில் பழைய பாடலுக்கு வாங்கிய ட்ராக்கை ஓட்டினாலும் கன்டென்ட் ஐடி பிடிக்கலாம். பாடலின் உரிமைக்காலம் முடிந்திருந்தாலும் அந்த ஒலிப்பதிவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ட்ராக் வாங்கும்போதே நேரலைக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, ரசீதை எடுத்து வையுங்கள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் குழுவில் வரிகள் புதன்கிழமையே வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் இசைக்கருவிகளை வாசிக்கத் தொடங்கும் முன், அதே தம்பி எழுந்து ஒவ்வொரு ஸ்லைடையும் சத்தமாக வாசிக்கிறான். ஸ்லைடின் அடியில் பாடலாசிரியர் பெயரும் உரிம எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கின்றன. போன மாதம் ஒரு தளத்தில் ‘உம் இறக்கம் பெரியது’ என்று இருந்ததைப் பிடித்து, அந்தத் தளத்தை நடத்துபவருக்கே எழுதினான். இரண்டு நாளில் திருத்திவிட்டார்கள்.