திரை நேரத்தை எதைக் கொண்டு அளப்பது?

குழந்தைகள் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயப் புகுபவர் பெரும்பாலும் முதலில் தயாரிப்பது ஒரு வினாத்தாளைத்தான். "உங்கள் குழந்தை நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் கைப்பேசி பார்க்கிறது?" என்று பெற்றோரிடம் கேட்பதற்குச் செலவு குறைவு, ஆயிரம் பேரிடம்கூட விரைவில் கேட்டு முடித்துவிடலாம். வரும் விடை எவ்வளவு சரி என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, பெற்றோர் சொன்ன கணக்கைக் கருவியில் பதிவான கணக்கோடு ஒப்பிட்டது. 35.7 விழுக்காட்டினர் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், 34.8 விழுக்காட்டினர் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் அரை மணியைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்துகொள்ளலாம். இரு பக்கமும் பிசகும் கணக்கை அப்படித் திருத்த வழியில்லை.

கருவியின் பதிவையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பதிவில் 'யூடியூப், 47 நிமிடம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மாவின் கைப்பேசியை அக்காவும் தம்பியும் மாறி மாறி வாங்கிப் பார்த்திருக்கலாம். காணொளி தன்பாட்டுக்கு ஓட, குழந்தை தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கதையை விளக்கிக்கொண்டே இருந்திருக்கலாம். கருவிக்கு மூன்றும் ஒன்றே. மொழி வளர்ச்சியை ஆராய்பவருக்கோ மூன்றாவதுதான் முக்கியம். அதை அறிய வீட்டுக்கே போய் உட்கார்ந்து கவனிக்க வேண்டும், அல்லது ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வெளியாள் ஒருவர் பார்க்கிறார் என்றாலே வீட்டின் நடப்பு சற்று மாறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குழந்தையிடமே கேட்பதற்குத் தனித் திறன் தேவை. குழந்தைகள் கணினியைப் பயன்படுத்துவதை ஆராயும் ஜேனட் ரீடும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய 'ஸ்மைலியோமீட்டர்' என்னும் அளவுகோல், வாடிய முகம் தொடங்கி வாய்நிறையச் சிரிக்கும் முகம் வரை 5 முகங்களை வரிசையாகக் காட்டி, விளையாட்டு பிடித்ததா என்று கேட்கிறது. சிறு பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய சிரிப்பிலேயே விரலை வைத்துவிடுவார்கள். கேட்கும் மாமாவையோ அத்தையையோ வருத்தப்பட வைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை போலும். ஆகவே அவர்கள் உருவாக்கிய அதே கருவித் தொகுப்பில், விளையாடிய ஒவ்வொன்றையும் மறுபடி விளையாடுவாயா என்று கேட்டு, 'ஆம்', 'ஒருவேளை', 'இல்லை' என்று குறிக்கும் அட்டவணையும் உண்டு. என் கணிப்பில் இதுவே நேர்மையான கேள்வி.

திரையால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் திரை கைக்கு வந்ததா என்று கேட்டால், மேலே சொன்ன எதுவும் தனித்து நின்று விடை தராது. அதற்குச் சோதனை முறை வேண்டும். பிரிட்டனில் 16 முதல் 30 மாதக் குழந்தைகள் உள்ள 105 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் 3 பிரிவுகளாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2024-இல் வெளியானது. ஒரு பிரிவிடம் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் திரையைத் தவிர்க்கச் சொல்லி, மாற்றாகச் செய்ய அமைதியான விளையாட்டுகள் நிறைந்த பெட்டி கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவுக்கும் அதே பெட்டி தரப்பட்டது. ஆனால் திரையைப் பற்றி மூச்சே விடவில்லை. மூன்றாம் பிரிவு வழக்கம்போல் இருந்தது. நடுப்பிரிவு இல்லாவிட்டால், தூக்கத்தில் தென்பட்ட சிறு முன்னேற்றம் திரை போனதால் வந்ததா, பெட்டி வந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

எந்த முறையானாலும், பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இருந்தாலும், குழந்தை பாதியில் எழுந்து போனால் போக விட வேண்டும். அதையும் குறித்துவைக்க வேண்டும்: எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் துறுதுறுப்பான பிள்ளைகளாக இருந்தால், மிஞ்சும் சராசரி பொறுமைசாலிகளை மட்டுமே காட்டும்.