சோலாருக்காகச் சரிவை வெட்டாதீர்கள், கூரை இருக்கிறது

கோத்தகிரி பக்கம் புதிதாகக் கட்டும் ஒரு காட்டேஜுக்கு சோலார் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், கட்டிடத்துக்குப் பின்னால் சரிவைப் பொக்லைன் வைத்து வெட்டி மட்டம் செய்திருக்கிறார்கள். நிழல் விழுகிறதென்று சில்வர் ஓக் மரங்களையும் சாய்த்துவிட்டார்கள். "குளிர் ஊரு சார், பேனல் நிறைய வேணும், கூரை பத்தாது" என்கிறார் உரிமையாளர். கூரைக்கு இன்னும் ஷீட்டே போடவில்லை! ஷீட்டுக்குப் பதிலாகப் பேனலையே கூரையாகப் போட்டிருக்கலாம். இதே போல எத்தனை இடத்தில் பார்ப்பது?

முதலில் இந்தக் குளிர் விஷயம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. நம் ஊரில் பலருக்கும் பழக்கமானது சோலார் ஹீட்டர். மேகம் மூடிய நாளில் அதில் தண்ணீர் சுடாது. அதைப் பார்த்துவிட்டு, மின்சாரம் தரும் பேனலும் அப்படித்தான், குளிரில் ஓடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. பேனலின் திறனை அளப்பதே 25 டிகிரியில்தான். அதற்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மாதம் ஈரோட்டில் மொட்டைமாடிப் பேனல் 60 டிகிரியைத் தொடும். பத்தில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும். பேனலுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. சூரியனை ஆராயும் ஆய்வகத்தை 1899-இல் கொடைக்கானல் மலை மேல்தானே நிறுவினார்கள்? நம் உற்பத்தியைக் குறைப்பது மழையும் மூடுபனியும்தான். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி, கூடலூர் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் நன்றாகவே குறையும். அதைக் கணக்கில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

"நமக்கு வர்றது தண்ணி கரண்ட்தானே, அதுல ஏது புகை" என்றும் கேட்கிறார்கள். பைக்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம், உண்மை. ஆனால் அது மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களின் மின்சாரத்தோடு ஒரே கட்டமைப்பில் கலந்துதான் நம் வீட்டுக்கு வருகிறது. பகலில் உங்கள் கூரை ஒரு யூனிட் கொடுத்தால், எங்கோ அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். அல்லது அணைத் தண்ணீர் மாலை நேரத் தேவைக்காக மிச்சமாகும்.

கூரையே பேனலாக இருந்தால் தனியாக ஷீட்டோ ஓடோ வேண்டாம், பேனலைத் தாங்க இரும்புச் சட்டமும் குறையும். எல்லாவற்றையும் விட, மண்ணைத் தொட வேண்டியதில்லை. 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்த மாவட்டம் இது. பசுமை மின்சாரம் என்று சொல்லிக்கொண்டு சரிவை வெட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கொழுந்து வாட்டும் தேயிலைத் தொழிற்சாலைகளின் நீளமான கூரைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கிறது.

சுவரில் பதிக்கும் பேனலுக்கு அளவாக ஆசைப்படுங்கள். நம் பகுதியில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால், செங்குத்தான சுவரில் கூரையை விட மிகவும் குறைவாகத்தான் கிடைக்கும். எப்படியும் கண்ணாடி பதிக்கப் போகும் கிழக்கு, தெற்குச் சுவர் என்றால் சரி. மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறும் இடமா? கூரையின் கிழக்குச் சரிவை முதலில் நிரப்புங்கள்.

அப்புறம், பேனலுக்கு அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். நீர்க்காப்பு விரிப்பு இல்லாமல் கூரைப் பேனல் போடவே கூடாது. ஒழுக ஆரம்பித்தால் மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். ஒயர்களை இரும்புக் குழாயில் விடுங்கள், குரங்குகள் பிய்த்துவிடும். எர்த்திங், இடி தாக்கினால் காக்கும் கருவி, இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பேட்டரி இல்லாத சோலார், ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். ஜெனரேட்டரை நிறுத்த நினைக்கும் விடுதிக்காரர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய தகரக் கூரையைப் பிரிக்காதீர்கள், அதன் மேலேயே சாதாரணப் பேனல் போடலாம், செலவும் குறைவு. புதிதாகக் கட்டுபவர்கள், தயவுசெய்து, வரைபடம் போடும்போதே சோலார்காரரையும் கூட உட்கார வையுங்கள். கூரையின் சாய்வும் திசையும் அப்போதுதான் கையில் இருக்கும்.